ஆறேகால் படகு

மருந்து உறையை நீட்டி
"சாப்பிட்ட பிறகு, ரெண்டு வேளை,
மறந்துடாதீங்க" என்றேன்.
நாளைக்கு இருநூறு பேரிடம்
மூன்று மொழியில் சொல்வது.
அவன் மட்டும் மறக்கவேயில்லை.

அதன்பின் ஆறேகால் படகில்
மூன்று வரிசை தள்ளி ஒரு தலை.
பேசமாட்டான். கிட்டே வரமாட்டான்.
பஸ் என்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கலாம்.
ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில்
கடல்தான் நிறுத்தம்.

பலாயில் கேட்டார்கள்:
தொட்டானா? மிரட்டினானா?
படகு எல்லாருக்கும் பொதுதானே?
எழுதிக்கொண்ட தாளில்
யோகமலருக்கு இரண்டு எழுத்துப் பிழை.
"வேற படகுல வாயேன்" என்றான் அண்ணன்.
வந்தேன்.
அவனும் வந்தான்.

ஜெலுத்தோங்கில்
மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
காற்றாடியில் கோப்புகள் பறக்காதிருக்க
சம்பல் இடிக்கும் கல் குழவி ஒன்று.
துப்பறிபவர் என்றால் தொப்பி இருக்கும் என்றிருந்தேன்.
ரப்பர் செருப்பு, முழங்காலில் வலி பிளாஸ்டர்,
ஐம்பது வயதுச் சீனப் பெண்.
பெயர் ஓய்.
தமிழில் அதற்கு இளைப்பாறு என்று அர்த்தம்.
நான் சொல்லவில்லை.
"பத்து நாள். ஆயிரத்தெண்ணூறு.
என் ஆள் ஒன்று படகில் வரும்.
யாரென்று தேடாதே.
நீ தேடினால் அவனும் தேடுவான்."

என்னைத் தொடர ஒருவன், இலவசமாக.
அவனைத் தொடர ஒருவர்,
அடகுக்குப் போன என் கைச்சங்கிலி விலையில்.

தேடாமல் இருப்பது எப்படி?
எல்லா முதுகிலும் கண் முளைத்தது.
சாம்பல் சட்டைக்காரி ஒருத்தி
நாலாம் நாளும் எதிரில் உட்கார்ந்தாள்.
எழுந்து இடம் மாறினேன்.
ஏழாம் நாள் பேய்மழை.
கழிவறை போய்த் திரும்பினால்
என் இருக்கையில் ஒரு நீலக் குடை.
அவன்தான்.
ஜெட்டிக் குப்பைத்தொட்டியில் அதைத் திணித்துவிட்டு
வீடு வரை நனைந்தேன்.

கோப்பு வந்தது.
அதில் நான் வாடிக்கையாளர், அவன் இலக்கு.
ஒன்றரை வருஷமாய் இலக்கு நானல்லவா,
எப்போது மாற்றிக்கொண்டோம்?
பெயர் சத்தியசீலன்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இரவு 11.40, என் வீட்டு எதிர்ப் படிக்கட்டு:
கொடியில் காயும் என் துணிகளைக்
கைப்பேசியில் படம் பிடிக்கிறான்.
இன்னொரு படத்தில் அதே கை
ஒரு கிழவரைப் பிடித்துச் சாலை கடத்திவிடுகிறது.
அதைத்தான் நெடுநேரம் பார்த்தேன்.
அதைத்தான் கிழிக்கப் போனேன்.

இம்முறை பலாயில் நாற்காலி போட்டார்கள்.
பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினார்கள்.
அவனுக்கு ஓர் உத்தரவு போனது.
படகில் மூன்றாவது வரிசை
இப்போது ஒரு மலாய்க்காரரின் தூக்கம்.

எனக்கு அவன் மாடி எண் தெரியும்.
ஷிப்ட் தெரியும். மோட்டார் நம்பர் மனப்பாடம்.
ஒரு சனிக்கிழமை
பிறையில் அந்த அடுக்குமாடிக்குக் கீழே
விளக்கு எரிகிறதா என்று
அண்ணாந்து நின்றேன், எவ்வளவு நேரமோ.
சைக்கிள் பையன் கேட்டான்:
"யாரைத் தேடறீங்க அக்கா?"
ஓடினேன்.
அவனிடமிருந்து கூட
அப்படி ஓடியதில்லை.

பில்லை நேற்றுதான் ஒழுங்காகப் படித்தேன்.
படகு, பத்து நாள்.
பெட்ரோல்.
படம் அச்சடித்தது, நாற்பத்தொன்று.
அதற்கும் கீழே, பேனாவில், வேறொரு கையெழுத்து:
குடை ஒன்று. கட்டணம் இல்லை.

சாம்பல் சட்டை நினைவிருக்கிறது.
முகம் வரவில்லை.
அவளைப் பார்க்காமல்தானே
அன்று எழுந்து போனேன்.